வேகவைத்த ப்ரோக்கோலியில் கந்தகச் சத்து மிஞ்சுமா?

வாசகர் கேள்வி:

எனக்கு 54 வயது. ஆறு மாதமாக ப்ரோக்கோலி, முட்டைகோஸ், காலிஃபிளவர் மூன்றையும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டு வருகிறேன். அவற்றில் உள்ள கந்தகச் சத்து புற்றுநோயைத் தடுக்கும் என்று படித்ததுதான் காரணம். புழு பயத்தில் இருபது நிமிடமாவது தண்ணீரில் கொதிக்கவைத்து, வடித்துவிட்டுத்தான் சாப்பிடுவேன். இப்போது நண்பர் ஒருவர், "வேகவைத்தால் எல்லாம் போச்சு. பச்சையாகச் சாப்பிடு, இல்லாவிட்டால் சல்ஃபோராஃபேன் மாத்திரை போடு" என்கிறார். மாத்திரை வாங்கிவிட்டேன், இன்னும் திறக்கவில்லை. மனைவிக்குத் தைராய்டு குறைவு, தினமும் மாத்திரை எடுக்கிறார். அவர் இந்தக் காய்களைத் தொடவே பயப்படுகிறார். எனக்கு முன்பு ஒரு சல்ஃபா மருந்தால் உடம்பெல்லாம் தடித்துவிட்டது. அப்படியானால் கந்தகம் உள்ள காயும் எனக்கு ஆகாதா? இந்தக் கந்தகம் உடம்பில் எப்படிச் சேர்கிறது?

உணவியல் நிபுணரின் பதில்:

அன்புள்ள ஐயா,

சல்ஃபா கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றவை தெரிந்துகொள்ளக் கேட்டவை, இது பயத்தில் கேட்டது. பயத்தோடு ஒரு காயைச் சாப்பிடக் கூடாது.

சல்ஃபா மருந்து ஒவ்வாமைக்குக் காரணம் கந்தக அணு அல்ல. அந்த மருந்து மூலக்கூறின் குறிப்பிட்ட வடிவத்தைத்தான் உங்கள் நோய் எதிர்ப்பு மண்டலம் எதிரியாகப் பார்த்தது. அந்த வடிவம் முட்டைகோசிலும் இல்லை, ப்ரோக்கோலியிலும் இல்லை. கந்தகமே ஆகாத உடம்பு என்று ஒன்று இருக்கவும் முடியாது. நம் முடியிலும் நகத்திலும் தோலிலும், இன்சுலினிலும்கூட கந்தகம் இருக்கிறது. ஆறு மாதமாக ஒன்றும் ஆகாமல் சாப்பிட்டு வருகிறீர்கள், தொடருங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள், அது முக்கியம். கடுகுக்குத் தனியாக ஒவ்வாமை உள்ளவர்கள் உண்டு. அது வேறு சமாச்சாரம், சல்ஃபாவோடு சம்பந்தம் இல்லை. பின்னால் கடுகைப் பற்றிச் சொல்லப்போவதால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அடுத்து, உங்கள் கேள்வியில் உள்ள "கந்தகச் சத்து" என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து என்று சொல்வதுபோல இதையும் நினைக்கிறோம். காயில் கந்தகம் இருக்கிறது, உடம்பு அதை எடுத்துச் சேர்த்து வைத்துக்கொள்கிறது என்று. அப்படி நடப்பதில்லை. உடம்புக்குத் தேவையான கந்தகத்தில் பெரும்பகுதி புரதத்திலிருந்து வருகிறது. மெத்தியோனின், சிஸ்டீன் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் அதைக் கொண்டுவருகின்றன. போதுமான புரதம் சாப்பிடும் எவருக்கும் கந்தகத்துக்கென்று தனியாக ஒரு காய் தேவையில்லை.

முட்டைகோஸ் குடும்பத்தில் நாம் தேடுவது வேறு. அவற்றில் இருப்பவை குளுக்கோசினோலேட் என்ற சேர்மங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் கண்டறியப்பட்டிருக்கின்றன. கடுகில் ஒரு வகை அதிகம், ப்ரோக்கோலியில் இன்னொரு வகை, முள்ளங்கியில் மற்றொன்று. உடம்பு இவற்றைச் சேர்த்து வைப்பதில்லை, ஒரு நாளுக்குள் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடுகிறது. அந்தச் சில மணி நேரத்தில் அவை செய்துவிட்டுப் போகும் வேலைக்காகத்தான் இவ்வளவு பேச்சும்.

இதில் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. நீங்கள் தேடும் சல்ஃபோராஃபேன், முழுதாக இருக்கும் ப்ரோக்கோலியில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதன் தாய்ப்பொருளான குளுக்கோராஃபனின்தான் இருக்கிறது. செடி அதை ஓர் இடத்திலும், அதை உடைக்கும் மைரோசினேஸ் என்ற நொதியை வேறோர் இடத்திலும் பிரித்து வைத்திருக்கிறது. புழு கடித்தாலோ, கத்தி பட்டாலோ, பல்லில் அரைபட்டாலோ செல்சுவர்கள் உடைகின்றன, இரண்டும் கலக்கின்றன. அந்தக் கணத்தில்தான் சல்ஃபோராஃபேன் பிறக்கிறது. பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் செடி செய்துகொண்ட ஏற்பாடு இது.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு கடுகு போதும். அப்படியே விழுங்கினால் காரமே தெரியாது. கடித்து மென்றால் சில நொடி கழித்து மூக்கில் ஏறும். அந்தக் காரமும் இதே வழியில், வாய்க்குள் அப்போது பிறந்ததுதான்.

உள்ளே நடப்பதை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், உங்கள் கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது. குளுக்கோராஃபனின் மூலக்கூறில் மூன்று கந்தக அணுக்கள் உண்டு, கூடவே ஒரு சர்க்கரைப் பகுதியும் ஒட்டியிருக்கும். மைரோசினேஸ் சர்க்கரையை வெட்டிவிடும். உடனே மீதி மூலக்கூறு நிலைகுலைந்து, ஒரு கந்தக அணு சல்ஃபேட்டாகக் கழன்றுவிடும். மற்ற இரண்டு கந்தக அணுக்களோடு மிஞ்சுவது சல்ஃபோராஃபேன். முன்பு தண்ணீரில் கரைகிற, குடல் சுவரைத் தாண்டச் சிரமப்படுகிற கனமான மூலக்கூறு. இப்போது சின்னது, கொழுப்பில் கலக்கக் கூடியது. சிறுகுடலின் செல்களுக்குள் தானாகவே ஊடுருவிப் போய்விடும்.

செல்லுக்குள் நுழைந்ததும் அதை குளுட்டாதயோன் என்ற காவலாளி பிடித்துக்கொள்கிறது. அதுவும் கந்தகம் தாங்கிய மூலக்கூறுதான், நம் உடம்பே தயாரிப்பது. வெளியிலிருந்து வரும் வேண்டாத பொருட்களைப் பிடித்துக் கட்டி அனுப்புவது அதன் வேலை. இரண்டும் ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் போகின்றன. வழியில் இன்னும் சில நொதிகள் அந்தக் கட்டை மாற்றி அமைக்கின்றன. கடைசியில் சிறுநீரகம் அதைச் சிறுநீரில் விட்டுவிடுகிறது. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான்.

அப்படியானால் என்ன பயன் என்று கேட்பீர்கள். சல்ஃபோராஃபேனை உடம்பு ஒரு சிறு விஷமாகத்தான் பார்க்கிறது. ஒவ்வொரு செல்லிலும் கீப்-1 என்ற புரதம், என்ஆர்எஃப்-2 என்ற இன்னொரு புரதத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. கீப்-1 புரதத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கந்தக முனையில் சல்ஃபோராஃபேன் ஒட்டியதும் பிடி தளர்கிறது. விடுபட்ட என்ஆர்எஃப்-2 செல்லின் உட்கருவுக்குள் போய், நச்சு நீக்கும் நொதிகளைத் தயாரிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. சல்ஃபோராஃபேன் சில மணி நேரத்தில் போய்விட்டாலும், அப்படி உருவான நொதிகள் அதற்குப் பிறகும் வேலையில் இருக்கும். வாரத்துக்கு ஒரு நாள் ஒரு கிலோ சாப்பிடுவதைவிட, மூன்று நான்கு நாள் அளவாகச் சாப்பிடுவது நல்லது என்று நான் சொல்வதும் இதனால்தான்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் தலலே என்பவரின் குழு 1992-இல் இதை வெளிக்கொண்டு வந்தது. அந்த நொதிகளைத் தூண்டும் பொருள் ப்ரோக்கோலியில் எது என்று தேடிப் போய், அது சல்ஃபோராஃபேன் என்று பிரித்துக் காட்டினார்கள். 1997-இல் அதே குழு, மூன்று நாள் வளர்ந்த ப்ரோக்கோலி முளையில் முற்றிய ப்ரோக்கோலியைவிட 10 முதல் 100 மடங்கு தாய்ப்பொருள் இருப்பதைச் சொன்னது. முளை மோகம் அதிலிருந்து கிளம்பியதுதான். ஆனால் முளைகட்டும் ஈரமான கதகதப்பில் சால்மோனெல்லா, ஈ.கோலை போன்ற கிருமிகளும் செழிக்கும். வயதானவர்கள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் பச்சை முளையைத் தவிர்ப்பதே நல்லது.

சரி, இப்போது உங்கள் இருபது நிமிடக் கொதிநீர்.

அதில் இரண்டு இழப்புகள் நடக்கின்றன. தாய்ப்பொருள் தண்ணீரில் கரைவது என்பதால் கணிசமான பங்கு அந்தத் தண்ணீருக்குப் போகிறது. அதை நீங்கள் வடித்துக் கொட்டிவிடுகிறீர்கள். இரண்டாவது, மைரோசினேஸ் ஒரு புரதம், அந்தச் சூட்டில் அது செத்துவிடும். மிச்சமிருக்கும் தாய்ப்பொருளை உடைக்கக் காயில் ஆள் இல்லை.

இந்த இடத்தில் உங்கள் நண்பர் "எல்லாம் போச்சு" என்கிறார். அது முழு உண்மை அல்ல. உடைபடாத தாய்ப்பொருள் சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள நல்ல பாக்டீரியாக்களில் சில, மைரோசினேஸ் செய்யும் வேலையை ஓரளவு செய்யும். 1998-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், குடலைச் சுத்தம் செய்து நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் கொடுத்தபோது இந்த மாற்றம் ஏறக்குறைய நின்றேபோனது. வேலை செய்வது பாக்டீரியாதான் என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. ஆனால் இது ஆளுக்கு ஆள் பெரிதும் மாறும். ஒருவர் குடல் தாராளமாக மாற்றும், இன்னொருவர் குடல் ஏறக்குறைய ஒன்றுமே செய்யாது. நீங்கள் எந்த வகை என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அண்மையில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எடுத்திருந்தால் கொஞ்ச காலத்துக்கு அந்த வழி பலவீனமாகவே இருக்கும்.

வித்தியாசம் எவ்வளவு என்பதற்கு 2008-இல் வந்த ஓர் ஆய்வைச் சொல்லலாம். எட்டு ஆண்களுக்கு 200 கிராம் நசுக்கிய ப்ரோக்கோலியை ஒரு முறை பச்சையாகவும் ஒரு முறை வேகவைத்தும் கொடுத்தார்கள். பச்சையாகச் சாப்பிட்டபோது சல்ஃபோராஃபேன் 37 சதவீதம் உடம்பில் சேர்ந்தது. வேகவைத்ததில் 3.4 சதவீதம்தான். பச்சையில் ரத்தத்தில் உச்சம் தொட்டது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில், வெந்ததில் ஆறு மணி நேரத்தில். அந்த நேர வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஒன்று சிறுகுடலிலேயே உள்ளே போய்விட்டது. மற்றது பெருங்குடல் வரை போய், பாக்டீரியாவுக்குக் காத்திருந்து வந்தது.

இந்த எண்களைப் பார்த்துத்தான் பல வருடங்களுக்கு முன் நானும் என்னிடம் வந்தவர்களிடம் "பச்சையாகச் சாப்பிடுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிப் பேர் வயிறு உப்புசம் என்று திரும்பி வந்தார்கள். சிலர் அந்தக் காயையே விட்டுவிட்டார்கள். அந்த ஆலோசனையை நான் முழுதாக யோசித்துச் சொல்லவில்லை என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஏனென்றால் பச்சைக் காயில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ப்ரோக்கோலியில் மைரோசினேஸோடு வேறொரு புரதமும் உண்டு. தாய்ப்பொருள் உடைபடும்போது அது குறுக்கே வந்து, ஒரு பகுதியைச் சல்ஃபோராஃபேனாக ஆகவிடாமல் நைட்ரைல் என்ற வேறொரு பொருளாகத் திருப்பிவிடும். அந்தப் பொருளால் நாம் எதிர்பார்க்கும் பயன் இல்லை. நல்ல வேளையாக, அந்தக் குறுக்குப் புரதம் மைரோசினேஸைவிடச் சீக்கிரம் சூட்டுக்கு மடியும். 60 டிகிரி அளவில் சில நிமிடம் சூடுபட்டால் அது போய்விடும், மைரோசினேஸ் தாக்குப்பிடிக்கும். அதாவது இதமாக ஆவி காட்டிய ப்ரோக்கோலி, பச்சையைவிடவும் அதிகம் தரக்கூடும்.

உங்கள் பயமும் பொய் இல்லை. மண்ணோடும் அசுத்த நீரோடும் புழங்கும் இலைக்காய்களில் புழு மட்டுமல்ல, நாடாப்புழு முட்டையும் ஒட்டியிருக்கலாம். அதை அழிப்பது சூடுதான். அதனால் உங்களைப் பச்சையாகச் சாப்பிடச் சொல்ல மாட்டேன். சூட்டுக்கு முன்பே நொதியின் வேலையை முடிக்கவிட்டால் போதும், நீங்கள் நிம்மதியாக வேகவைத்துக்கொள்ளலாம்.

எப்படி என்றால், காயை முழுதாக இருக்கும்போதே நன்றாகக் கழுவிவிடுங்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு வைப்பதும் சரிதான். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். அப்புறம் பொடியாக நறுக்குங்கள். எவ்வளவு பொடியோ அவ்வளவு செல்கள் உடையும், உள்ளே புழு ஒளிந்திருந்தாலும் கண்ணில் படும். நறுக்கியதை உடனே அடுப்பில் வைக்காமல் முக்கால் மணி நேரமாவது அப்படியே விட்டுவிடுங்கள். இந்த இடைவெளியில் மைரோசினேஸ் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். பிறந்துவிட்ட சல்ஃபோராஃபேன், நொதி அளவுக்குச் சூட்டுக்குப் பயப்படுவதில்லை. 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மிகப் பொடியாக நறுக்கி 90 நிமிடம் வைத்திருந்து வதக்கிய ப்ரோக்கோலியில், நறுக்கிய உடனே வதக்கியதைவிட 2.8 மடங்கு சல்ஃபோராஃபேன் இருந்தது. குறுக்குப் புரதம் கொஞ்சம் திருடத்தான் செய்யும், இருந்தாலும் மிச்சம் நிறைய.

வேகவைக்கும்போது காயைத் தண்ணீரில் முக்காமல் ஆவியில் வையுங்கள். பொடியாக நறுக்கியதற்கு நான்கைந்து நிமிடமே போதும், உள்வரை சூடு ஏறிவிடும். நிறம் பளிச்சென்ற பச்சையாக இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். நீண்ட நேரம் கொதித்தால் வரும் அந்த அழுகிய நாற்றமும் கந்தகச் சேர்மங்கள் சிதைந்து வாயுவாகப் போவதுதான். உங்கள் வீட்டில் அந்த நாற்றம் அடித்திருக்க வேண்டும், இருபது நிமிடம் என்றால் அடிக்காமல் இருக்காது.

கடுகு ஒவ்வாமை இல்லையென்றால் இன்னொரு வழியும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வழி இது. பச்சைக் கடுகைப் பொடித்து வைத்துக்கொள்ளுங்கள். காய் வெந்து, இறக்கி, சாப்பிடும் சூட்டுக்கு ஆறியதும் அதன்மேல் ஒரு சிட்டிகை தூவிக் கலந்துவிடுங்கள். கடுகில் உயிரோடு இருக்கும் மைரோசினேஸ், காயில் செத்துப்போன நொதியின் வேலையை எடுத்துச் செய்யும். 2018-இல் இதை மனிதர்களிடம் சோதித்தார்கள். 200 கிராம் வெந்த ப்ரோக்கோலியோடு வெறும் 1 கிராம் கடுகுப் பொடி சேர்த்தபோது, சல்ஃபோராஃபேன் உடம்பில் சேர்வது நான்கு மடங்குக்கு மேல் கூடியது. சூடான எண்ணெயில் வெடித்த கடுகால் இது ஆகாது, அதில் நொதி மிஞ்சியிருக்காது. காய் கொதிக்கும்போது தூவினாலும் பயன் இல்லை. பச்சை முள்ளங்கியைத் துருவிச் சேர்த்தாலும் இதே உதவி கிடைக்கும், ஏனென்றால் அதுவும் இதே குடும்பம்.

உறைநிலையில் வைத்து விற்கும் ப்ரோக்கோலி வாங்குபவர்களுக்கு இந்தக் கடுகு வழி இன்னும் முக்கியம். உறையவைக்கும் முன் அதைக் கொதிநீரில் காட்டி எடுக்கிறார்கள், பெரும்பாலும் நொதி அங்கேயே போய்விடும். அதை நறுக்கி எவ்வளவு நேரம் வைத்தாலும் எதுவும் பிறக்காது.

முட்டைகோசுக்கும் காலிஃபிளவருக்கும் இதே முறைதான். சல்ஃபோராஃபேன் அவற்றில் குறைவு, பதிலாக வேறு உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். குறிப்பாக டிரிப்டோஃபானிலிருந்து உருவாகும் இண்டோல் வகை. அது உடைந்து வரும் பொருள் வயிற்று அமிலத்தில் மறுபடி உருமாறி, இரண்டிரண்டாக இணைந்து வேறொரு சேர்மமாகிறது. மூன்று காய்களையும் மாற்றி மாற்றிச் சாப்பிடும் உங்கள் பழக்கம் நல்லது, அதை விடாதீர்கள்.

உங்கள் மனைவி விஷயத்துக்கு வருகிறேன். அவர் பயம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. 1928-இல், அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில், ஆலன் செஸ்னி என்ற மருத்துவர் வேறு ஏதோ ஆராய்ச்சிக்காக வளர்த்த முயல்களுக்குக் கழுத்தில் தைராய்டு வீங்கியது. காரணம் தேடியபோது, அவற்றின் தீனியே பெரும்பாலும் முட்டைகோஸ் என்று தெரிந்தது. குளுக்கோசினோலேட்கள் உடைந்து வருவதில் தயோசயனேட் என்ற ஒன்றும் இருக்கிறது. அது தைராய்டுக்குள் அயோடின் நுழையும் வாசலில் போய் நின்று போட்டி போடும். சில காய்களில் வரும் கோய்ட்ரின் என்பது ஒரு படி மேலே போய், ஹார்மோன் தயாரிப்பையே தடுக்கும். பயத்துக்கு இப்படி ஒரு வேர் இருப்பது நிஜம்.

ஆனால் அந்த முயல்களின் சாப்பாடே முட்டைகோஸ்தான். மனிதர்களில் பதிவான ஒரு சம்பவம் 2010-இல் மருத்துவ இதழில் வந்தது. 88 வயதுப் பெண்மணி ஒருவர், பல மாதங்கள் தினமும் 1 முதல் 1.5 கிலோ சீன முட்டைகோஸைப் பச்சையாகச் சாப்பிட்டுத் தைராய்டு முற்றிலும் தளர்ந்து மயக்க நிலைக்குப் போனார். தினமும் ஒன்றரைக் கிலோ, அதுவும் பச்சையாக. இன்னொரு பக்கம், 1986-இல் ஒரு சோதனையில் களைக்கோஸ் (பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் எனப்படும் குட்டி முட்டைகோஸ்) 150 கிராம், வேகவைத்து, தினமும் நான்கு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். தைராய்டு ஹார்மோன் அளவுகளில் மாற்றம் எதுவும் இல்லை.

அதனால், அயோடின் கலந்த உப்பு பயன்படுத்தும் வீட்டில், வேகவைத்த காயை ஒரு கிண்ணம், வாரத்தில் மூன்று நான்கு நாள் அவர் தாராளமாகச் சாப்பிடலாம். பச்சையாக அரைத்துச் சாறு குடிப்பதை மட்டும் அவர் தவிர்க்கட்டும், சாறாகும்போது அளவு தெரியாமல் நிறைய உள்ளே போய்விடும். அவருக்கு நறுக்கிக் காத்திருக்கும் வேலையும் வேண்டாம், கடுகுப் பொடியும் வேண்டாம். சாதாரணமாக வேகவைத்ததே அவருக்குச் சரி. இந்தக் காயைவிடப் பெரிய விஷயம், தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடுவது. காப்பி, சுண்ணாம்பு, இரும்பு மாத்திரைகள் எல்லாம் அதன் உறிஞ்சலைக் கெடுக்கும். என்னிடம் வருபவர்களில் தைராய்டு அளவு ஏறி இறங்குவதற்குக் காய்கறியைவிட இந்த நேரக் குழப்பமே காரணமாக இருப்பதைத்தான் அதிகம் பார்க்கிறேன். எனக்கே வருத்தமாக இருக்கும், முட்டைகோஸைப் பத்து வருடம் ஒதுக்கி வைத்துவிட்டு, மாத்திரையைக் காப்பியோடு விழுங்கிக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் இருவரில் யாராவது ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பதாக இருந்தால், இந்தக் காய்களின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். கந்தகம் காரணம் இல்லை, வைட்டமின் கே காரணம்.

கடைசியாகப் புற்றுநோய். இதை நான் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும். ஆய்வகத்திலும் விலங்குகளிலும் சல்ஃபோராஃபேன் காட்டியிருப்பது நம்பிக்கை தருகிறது. இந்தக் காய்களை நிறையச் சாப்பிடுபவர்களிடம் சில புற்றுநோய்கள் குறைவு என்று பார்த்த ஆய்வுகளும் இருக்கின்றன. ஆனால் இதைச் சாப்பிட்டால் புற்றுநோய் வராது என்று மனிதர்களிடம் சோதித்து நிரூபித்தது இல்லை. நிரூபித்திருப்பது வேறு, அதுவும் சின்ன விஷயம் இல்லை. சீனாவில் காற்று மாசு அதிகமுள்ள சிடோங் பகுதியில் 291 பேருக்கு 12 வாரம் தினமும் ஒரு பானம் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் குடித்த பானத்தில் ப்ரோக்கோலி முளைச் சாறு கலந்திருந்தது. அவர்களின் உடம்பு பென்சீன் என்ற நச்சைச் சிறுநீரில் வெளியேற்றுவது 61 சதவீதம் கூடியது. 2014-இல் வெளிவந்த முடிவு இது. மேலே சொன்ன நச்சு நீக்கும் நொதிகள் உண்மையிலேயே வேலை செய்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை. ஆனாலும் உங்கள் வயதில் செய்ய வேண்டிய பரிசோதனைகளை ப்ரோக்கோலி சாப்பிடுகிறேன் என்று தள்ளிப்போட வேண்டாம்.

அந்த மாத்திரையைத் திறக்கும் முன் டப்பாவின் லேபிளைப் படியுங்கள். முன்பக்கம் சல்ஃபோராஃபேன் என்று பெரிதாகப் போட்டிருந்தாலும், பின்பக்கம் பல சமயம் குளுக்கோராஃபனின் என்றுதான் இருக்கும். கூடவே மைரோசினேஸ் இல்லையென்றால், நீங்கள் இருபது நிமிடம் கொதிக்கவைத்துச் சாப்பிட்ட ப்ரோக்கோலிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுமே உங்கள் பெருங்குடல் பாக்டீரியாவை நம்பித்தான் இருக்கின்றன. காயில் நார்ச்சத்தும் வைட்டமின்களும் கூட வருகின்றன, மாத்திரையில் அவை வராது. இன்னும் திறக்கவில்லை என்கிறீர்கள் அல்லவா, முடிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மனைவி மட்டும் எந்தக் காரணம் கொண்டும் அதை எடுக்க வேண்டாம். அவர் காய் சாப்பிடத் தொடங்கி ஆறு முதல் எட்டு வாரம் ஆனதும் ஒரு முறை டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். அளவு பழையபடியே இருந்தால், அதற்கப்புறம் இந்தக் காய்களைப் பற்றி அவர் பயப்பட ஒன்றும் இல்லை.